எல்லாக் காரிலும் ஹைபிரிட் ஏன் இல்லை? லட்சுமி மில்ஸ் சிக்னலில் மிச்சமாவது சங்ககிரி ரோட்டில் மிச்சமாகாது

"ஏனுங்க, லிட்டருக்கு 27 கிலோமீட்டர் குடுக்குதுன்னா எல்லா வண்டியிலயும் அதையே மாட்டி விட்டுற வேண்டியதுதானுங்களே?"

புது வண்டி பார்க்கக் கிளம்பும் வீடுகளில் இந்தக் கேள்வி வராமல் இருப்பதில்லை. நியாயமான கேள்விதான். பெட்ரோல் இன்ஜினோடு மின்மோட்டாரும் பேட்டரியும் சேர்ந்த ஹைபிரிட் காரான டொயோட்டா பிரியஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1997 டிசம்பரில். கால் நூற்றாண்டு தாண்டியும் கோவை, ஈரோடு, திருப்பூர் ரோடுகளில் ஓடுவது பெரும்பாலும் வெறும் பெட்ரோலும் வெறும் டீசலும்தான். "காப்புரிமையைப் பூட்டி வச்சிருக்காங்க, அதனாலதான்" என்று ஒரு பேச்சு உண்டு. அது இப்போது பொருந்தாது. ஏறத்தாழ 24,000 காப்புரிமைகளை 2030 முடிய யார் வேண்டுமானாலும் கட்டணமில்லாமல் பயன்படுத்தலாம் என்று டொயோட்டா 2019-லேயே திறந்துவிட்டது. விஷயம் வேறு இடத்தில் இருக்கிறது. ஹைபிரிட் புதிதாகச் சக்தி எதையும் உண்டாக்குவதில்லை. வழக்கமான கார் வீணாக்குவதைப் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். வீணாவது குறைவாக உள்ள ஓட்டத்தில் பிடிக்கவும் குறைவாகத்தான் இருக்கும்.

முதலில் பெயரைப் பிரித்துக்கொள்ள வேண்டும். "ஹைபிரிட்" என்ற ஒரே வார்த்தையில் இரண்டு வேறு சாமான்கள் விற்கப்படுகின்றன. 2015-ல் மாருதி சியாஸ் டீசலில் வந்ததும், இன்று எர்டிகா, எக்ஸ்எல்6 வகையறாவில் இருப்பதும் மைல்ட் ஹைபிரிட். பெல்ட்டில் ஓடி பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையே கொஞ்சம் பெரிதாக்கி, ஸ்டார்ட்டர் வேலையையும் கொடுத்தது. இப்போதுள்ளவற்றில் கூட ஒரு சின்ன லித்தியம் பேட்டரியும் உண்டு. 12 வோல்ட். கிளம்பும்போது லேசாக ஒரு கை கொடுக்கும். வண்டியைத் தனியாக நகர்த்தாது. இரண்டாவது ஸ்ட்ராங் ஹைபிரிட், அதில் மோட்டாரே தனியாக வண்டியை நகர்த்தும்.

மைல்ட் ஏன் நகர்த்தாது என்பதற்குத் தோட்டத்துக் கிணற்று மோட்டாருக்கு ஒயர் இழுத்த அனுபவமே போதும். காரை மெதுவாக நகர்த்த 10 கிலோவாட், அதாவது சுமார் 13 எச்.பி. வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் அதற்கு 830 ஆம்பியருக்கு மேல் ஓட வேண்டும். அத்தனை ஆம்பியரைத் தாங்கும் கேபிளைக் காருக்குள் வளைத்துக் கொண்டுபோக முடியாது. அதே 10 கிலோவாட்டை 177 வோல்ட்டில் எடுத்தால் 57 ஆம்பியர் போதும். டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா ஸ்ட்ராங் ஹைபிரிட்களின் பேட்டரி 177.6 வோல்ட்டில் இருப்பது இதனால்தான். ஆனால் அந்த வோல்டேஜுக்குப் போனதுமே தனி பேட்டரி, இன்வெர்ட்டர், ஆரஞ்சு கலர் உயர் அழுத்தக் கேபிள், ரிலே, லீக்கேஜ் பார்க்கும் சுற்று என்று எல்லாமே கூட வந்தாக வேண்டும். செலவு அங்கேதான் எகிறுகிறது.

இனி "மாட்டி விட" முடியுமா என்ற பகுதி. முடியாது. ஸ்ட்ராங் ஹைபிரிட் என்பது இருக்கிற இன்ஜினோடு ஒரு மோட்டாரைச் சேர்ப்பதல்ல. டொயோட்டா முறையில் கியர்பாக்ஸே இல்லை. ஒரே ஒரு பிளானட்டரி கியர் செட் இருக்கிறது. நடுவில் உள்ள சன் கியரில் ஒரு மோட்டார் ஜெனரேட்டர், சுற்றிவரும் சின்ன கியர்களைத் தாங்கும் கேரியரில் இன்ஜின், வெளி வளையத்தில் சக்கரமும் இரண்டாவது மோட்டாரும். முதல் மோட்டாரின் வேகத்தை ஏற்றி இறக்கினால் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள விகிதம் மாறிவிடும். கிளட்ச் கிடையாது, தனி ஸ்டார்ட்டர் கிடையாது, ஆல்டர்னேட்டரும் கிடையாது. ஏசி கம்ப்ரஸர் பெல்ட்டில் ஓடாமல் கரன்ட்டில் ஓடும். பிரேக் பெடலை மிதித்தால் எவ்வளவு பங்கு மோட்டாருக்கு, எவ்வளவு பேடுக்கு என்பதைக் கம்ப்யூட்டர் பிரித்துக் கொடுக்கும். ஓடிக்கொண்டிருக்கும் காரில் இத்தனையையும் கொண்டுவந்து சேர்ப்பது, வீட்டு அஸ்திவாரத்தை மாற்றுவது போன்ற வேலை.

இன்ஜினும் வேறு சாதி. அட்கின்சன் சுழற்சி என்பார்கள். பிஸ்டன் மேலே ஏறத் தொடங்கிய பிறகும் இன்டேக் வால்வு கொஞ்ச நேரம் திறந்தே இருக்கும். உறிஞ்சியதில் ஒரு பங்கு திரும்பி வெளியே போய்விடும். அழுத்துவது குறைவு, விரிவது அதிகம். எரிந்த வாயுவின் அழுத்தத்தை முழுசாகக் கறந்துவிட்டுத்தான் வெளியே விடுகிறது. இதனால் எரிபொருளின் வெப்பத்தில் 40 சதவீதம் வரை வேலையாக மாறும் இன்ஜின்கள் வந்துவிட்டன. ஆனால் குறைந்த ஆர்.பி.எம்.மில் இழுவை போதாது. மோட்டாரோ நின்ற நிலையிலிருந்தே முழு இழுவையும் கொடுக்கும். ஒன்றின் குறையை மற்றது மறைக்கிறது. மோட்டார் இல்லாத சாதாரணக் காரில் இந்த இன்ஜினை மட்டும் வைத்தால் ஏற்றத்தில் மூச்சு வாங்கும்.

எவ்வளவு மிச்சமாகிறது என்பதைக் கிட்டே நின்று பார்ப்போம். ஆட்களோடு சேர்த்து 1,400 கிலோ எடையுள்ள கார், கோவை அவிநாசி ரோட்டில் மேம்பாலத்துக்குக் கீழே 60 கி.மீ. வேகத்தில் வந்து லட்சுமி மில்ஸ் சிக்னலில் நிற்கிறது. அந்த வேகத்தில் வண்டி சுமந்து வந்த ஆற்றல் சுமார் 1,94,000 ஜூல். கரன்ட் கணக்கில் சொன்னால் 0.054 யூனிட். சொற்பமாகத் தெரியும். ஆனால் டவுன் ஓட்டத்தில் சாதாரண பெட்ரோல் இன்ஜின் எரிபொருளில் கால் பங்கைத்தான் வேலையாக்குகிறது. ஆகவே அந்த வேகத்தைக் கொண்டுவர இன்று பங்க்கில் கிடைக்கும் எத்தனால் கலந்த பெட்ரோலில் ஏறத்தாழ 26 மில்லி எரிந்திருக்கும். டீக்கடைக் கிளாஸில் கால்வாசி. பிரேக்கை மிதித்ததும் அது அத்தனையும் டிஸ்க்கில் சூடாகிக் காற்றோடு போயிற்று. பத்து கிலோமீட்டரில் இப்படி எட்டு இடத்தில் நின்றால் இரண்டு கிளாஸ் பெட்ரோல். ஹைபிரிட்டில் மெதுவாக, முன்கூட்டியே பிரேக் பிடித்தால் இதில் பாதிக்கு மேல் பேட்டரிக்குத் திரும்பி மறுபடி சக்கரத்துக்கு வந்துவிடும். கடைசி நேரத்தில் அழுத்தி மிதித்தால் மோட்டார் தாங்கும் அளவுக்கு மேல் போனதெல்லாம் பேடுக்குத்தான். ஒரே மாடலை ஓட்டும் இரண்டு பேருக்குள் லிட்டருக்கு 5 கி.மீ. வித்தியாசம் வருவது பெரும்பாலும் வலது காலால்தான்.

அதோடு, சிக்னலில் நிற்கும்போது இன்ஜின் அணைந்திருக்கும், ஏசி பேட்டரியில் ஓடும். ஊர்ந்து போகும்போதும் இன்ஜினுக்கு வேலை இருக்காது. காந்திபுரம், ஈரோடு பன்னீர்செல்வம் பார்க், திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டு சுற்றுவட்டாரத்தில் தினம் உழலும் வண்டிக்கு ஹைபிரிட் தங்கம் மாதிரி. இதில் இரண்டு கருத்து கிடையாது.

இப்போது அதே காரைப் பெருந்துறை தாண்டி, பவானி வழியாகச் சங்ககிரி நோக்கி விடுங்கள். தேசிய நெடுஞ்சாலை 544. 90, 100 என்று ஒரே சீராகப் போகிறது. டோலில் ஒருமுறை வேகம் குறைத்தால் உண்டு. பிரேக்கே பிடிக்காத இடத்தில் எதைத் திருப்பிப் பிடிப்பது? எரியும் பெட்ரோலில் பெரும்பங்கு காற்றைக் கிழிக்கவும் டயர் உருளவும் செலவாகிறது. அதைத் திரும்ப வாங்க எந்த மோட்டாராலும் முடியாது. அட்கின்சன் இன்ஜினின் சிக்கனம் மட்டும் கொஞ்சம் கைகொடுக்கும். இன்ஜின் சுழற்சியைக் கரன்ட்டாக்கி, கரன்ட்டை மறுபடி சுழற்சியாக்கும்போது நடுவில் பத்து சதவீதத்துக்கு மேல் போய்விடும். நெடுஞ்சாலை வேகத்தில் ஹோண்டா சிட்டி ஹைபிரிட் ஒரு கிளட்ச்சைப் பூட்டி இன்ஜினை நேராகச் சக்கரத்தோடு இணைத்துவிடுவது இந்த இழப்பைத் தவிர்க்கத்தான்.

மலைப்பாதையைப் பற்றியும் ஒரு தவறான நினைப்பு இருக்கிறது. "ஊட்டியில இருந்து இறங்குறப்ப ஃபுல்லா சார்ஜ் ஏறிக்கும், கோயமுத்தூர் வரைக்கும் பெட்ரோலே வேண்டாம்" என்பார்கள். கணக்குப் பாருங்கள். குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் உயர வித்தியாசம் ஏறத்தாழ 1,400 மீட்டர். 1,500 கிலோ வண்டி அவ்வளவு தூரம் இறங்கினால் 5.7 யூனிட் ஆற்றல் கிடைக்கிறது. ஹைரைடரின் பேட்டரி மொத்தமே 0.76 யூனிட். அதையும் அடிமட்டம் வரை காலி செய்யவோ முழுசாக நிரப்பவோ கம்ப்யூட்டர் விடாது, ஆயுள் குறைந்துவிடும். நடுவில் உள்ள பாதியளவுதான் புழங்கும். பர்லியாறு வருவதற்கு வெகு முன்பே தொட்டி நிரம்பிவிட்டது. கிணற்றில் எவ்வளவு தண்ணி இருந்தாலும் மேல்தொட்டி சின்னதென்றால் வழிந்துதான் போகும்.

தொட்டி நிரம்பிய பிறகு நடப்பது இன்னும் முக்கியம். மோட்டார் பிரேக் வேலை செய்வது குறைந்து, பாரம் முழுக்க பேடுக்கு வரும். கால் எடுக்காமல் மிதித்தபடி இறங்கினால் டிஸ்க் சூடேறிப் பிரேக் பிடிமானம் தளரும். அதற்காகத்தான் லீவரில் 'B' என்று ஒரு இடம் வைத்திருக்கிறார்கள் (பார்க்கிங்குக்கான 'P' அல்ல). அதில் போட்டால் இன்ஜினை வெறுமனே சுழற்றி ஆற்றலைச் செலவழிக்கும். இன்ஜின் திடீரென்று இரைந்தால் பயப்பட வேண்டாம், அது சரியான சத்தம். திம்பம், வால்பாறை, கொல்லிமலை எங்கே இறங்கினாலும் முதல் வளைவுக்கு முன்பே 'B'-க்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

காசுக் கணக்கில்தான் பெரும்பாலான வீடுகளில் முடிவு நிற்கிறது. ஒரே காரின் மைல்ட் ஆட்டோமேட்டிக்குக்கும் ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்கும் வகையைப் பொறுத்து இரண்டு முதல் மூன்று லட்சம் ரூபாய் வித்தியாசம் வரும். இரண்டரை லட்சம் என்று வைப்போம். தமிழ்நாட்டில் 10 முதல் 20 லட்சம் வரை விலையுள்ள காருக்குச் சாலை வரி 18 சதவீதம். கூடுதல் விலைக்கும் அந்த வரி உண்டு, 45,000 ரூபாய். ஆக 2,95,000. பெட்ரோல் லிட்டர் 102 ரூபாய், டவுனில் சாதாரணக் கார் 12, ஹைபிரிட் 22 கொடுக்கிறது என்றால் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 86 காசு மிச்சம். சுமார் 76,000 கி.மீ. ஓடினால் போட்ட காசு கைக்கு வரும். நெடுஞ்சாலையில் 17-க்கும் 20-க்கும் உள்ள வித்தியாசம் என்றால் மிச்சம் 90 காசுதான். சுமார் 3,28,000 கி.மீ. ஓட வேண்டும். ஒரே கார், ஒரே விலை, ஓடும் ரோடுதான் வேறு.

ஐந்தாறு லட்ச ரூபாய்ச் சின்னக் காரில் இது இன்னும் இறுகும். எடை குறைவு, அதனால் பிரேக்கில் வீணாவதும் குறைவு. டவுனில் 16 கொடுக்கும் கார் ஹைபிரிட்டாகி 24 கொடுத்தாலும் கி.மீ.க்கு 2 ரூபாய் சொச்சம்தான் மிச்சம். வருஷம் 8,000 கி.மீ. ஓடும் வீட்டில் 17,000 ரூபாய். சாமானுக்கு இரண்டு லட்சம் கூடினால் அதை எடுக்கப் பன்னிரண்டு வருஷம் ஆகும். இடமும் இல்லை. கிராண்ட் விட்டாராவின் மைல்ட் வகையில் 373 லிட்டர் டிக்கி, ஸ்ட்ராங்கில் பேட்டரி போக 265 லிட்டர். நாலு மீட்டர் காரில் நூறு லிட்டரை எடுத்துவிட்டால் பழனிக்குப் போகும் குடும்பத்துப் பை எங்கே போகும்?

வரியும் ஹைபிரிட்டைத் தூக்கிவிடவில்லை. 2025 செப்டம்பர் 22-க்கு முன்பு பெரிய ஹைபிரிட்டுக்கு ஜி.எஸ்.டி.யும் செஸ்ஸும் சேர்ந்து 43 சதவீதம், இப்போது 40. நாலு மீட்டருக்குள், 1,200 சி.சி.க்குள் உள்ள பெட்ரோல் வண்டிக்கு 18. முழு மின்வண்டிக்கு 5 சதவீதம்தான், தமிழ்நாட்டில் சாலை வரி விலக்கும் கிடைத்தது. உத்தரப்பிரதேசம் 2024 ஜூலையில் ஸ்ட்ராங் ஹைபிரிட்டுக்குப் பதிவு வரியைத் தள்ளுபடி செய்தது. அந்த மாதிரிச் சலுகை இங்கே இல்லை. இந்த நிலையில் பணத்தைப் போடும் கம்பெனி நேராக மின்வண்டிக்கே போய்விடுகிறது. எரிபொருள் மிச்சமாகும் அளவுக்கு ஏற்ப வரி இருந்தால் டவுன் டாக்சிகளாவது மாறியிருக்கும் என்பது என் எண்ணம்.

டீசல்காரர்களுக்குச் சுருக்கமாக. டீசல் இன்ஜின் பாதிப் பாரத்திலும் சிக்கனமாகவே எரிக்கும், அதனால் மிச்சம் பிடிக்க இடம் குறைவு. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 புகை விதி வந்த பிறகு புகைக்குழாயில் உள்ள வடிகட்டி தன் கரியைத் தானே எரிக்க நல்ல சூடு வேண்டும். ஹைபிரிட்டில் இன்ஜின் நின்று நின்று ஓடினால் குழாய் ஆறிவிடும், வடிகட்டி அடைக்கும். நாமக்கல் லாரிகளுக்கு நெடுந்தூரச் சீரான ஓட்டம். பேட்டரி எடை ஏறினால் சரக்கு குறையும், வாடகையும் போச்சு.

மோட்டாருக்கு வருவோம், இது கோவைக்காரர்களுக்குப் பிடித்த பகுதி. 1937-லேயே மின்மோட்டார் செய்த ஊர். பம்ப்செட் மோட்டார் புகைந்தால் பீளமேடு, கணபதி பக்கம் கொண்டுபோய் ரீவைண்டிங் செய்து சாயங்காலம் திரும்ப மாட்டிவிடலாம். ஹைபிரிட் மோட்டார் அப்படியல்ல. ரோட்டருக்குள் நியோடிமியம் காந்தம், சூட்டில் காந்தசக்தி போகாமலிருக்க டிஸ்புரோசியம், டெர்பியம் போன்ற அரிய மண் உலோகங்கள். 2025 ஏப்ரலில் சீனா இவற்றில் சிலவற்றின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு போட்டதும் உலகம் முழுக்கக் கார்த் தொழிற்சாலைகள் தவித்தன. ஒரு ஹைபிரிட்டில் இப்படி இரண்டு மோட்டார். எல்லாக் காருக்கும் வேண்டுமென்றால் அந்தக் காந்தம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி முன்னால் நிற்கிறது.

ஒர்க்‌ஷாப்பும் தயாராக வேண்டும். ஆரஞ்சு கேபிள் பக்கம் கை வைக்கும் முன் இக்னிஷனை அணைத்து, 12 வோல்ட் பேட்டரியைக் கழற்றி, சர்வீஸ் பிளக்கை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பத்து நிமிஷம் காத்திருக்க வேண்டும். இன்வெர்ட்டருக்குள் உள்ள கெப்பாசிட்டர் இறங்க அந்த நேரம் வேண்டும். பிறகு 1,000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறையோடு மீட்டர் வைத்து வோல்டேஜ் போய்விட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனர். ஏசி வேலையில் நடக்கும் பிழை இதைவிடச் சாதாரணமாகத் தெரியும், ஆனால் செலவு பெரிது. வழக்கமான பெல்ட் கம்ப்ரஸருக்கு ஊற்றும் பி.ஏ.ஜி. ஆயிலைக் கரன்ட் கம்ப்ரஸரில் ஊற்றினால் உள்ளே மோட்டார் காயிலின் இன்சுலேஷன் தளர்ந்து லீக்கேஜ் காட்டும், வண்டி 'ரெடி' (கிளம்பத் தயார்) நிலைக்கே வராது. கரன்ட் கம்ப்ரஸருக்கான பி.ஓ.இ. ஆயில்தான் போட வேண்டும்.

நம் வட்டாரத்துக்கே உரிய ஒரு தொல்லை, தூசி. பல ஹைபிரிட்களில் பேட்டரியைக் குளிரவைப்பது கேபினில் உள்ள ஏசி காற்று. பின் சீட்டின் ஓரத்திலோ அடியிலோ ஜன்னல் போல ஒரு துவாரம் இருக்கும், உள்ளே ஒரு ஃபேன், முன்னால் ஒரு வலை. திருப்பூர், பல்லடம் பக்கம் பஞ்சுத் தூசி, பொள்ளாச்சியில் தென்னை நார்த் துகள், நாமக்கல்லில் கோழிப்பண்ணைத் தூசி. இந்த வலையில் கம்பளி போலப் படிந்துவிடும். காற்று நின்றால் பேட்டரி சூடாகும், சூடானால் கம்ப்யூட்டர் சார்ஜ் ஏறுவதைக் குறைக்கும். முதலில் தெரிவது மைலேஜ் இறங்குவது, எச்சரிக்கை விளக்கு பிறகுதான் வரும். இப்படிப்பட்ட இடங்களில் ஓடும் வண்டிக்கு 5,000 கி.மீ.க்கு ஒருமுறை வலையை எடுத்துச் சுத்தம் செய்வது நல்லது. அந்தத் துவாரத்தின் மேல் பெட்ஷீட், துணி மூட்டை வைக்கவே கூடாது.

12 வோல்ட் பேட்டரியை மறந்துவிடுகிறவர்களும் அதிகம். பெரிய பேட்டரியின் ரிலேயை மூடி இணைப்பது இந்தச் சின்ன பேட்டரிதான். மூன்று வாரம் ஷெட்டில் நிறுத்திவிட்டு வந்தால் பெரியதில் சார்ஜ் இருந்தும் வண்டி எழும்பாது. வாரம் ஒருக்கா 'ரெடி'யில் அரை மணி நேரம் நிறுத்தி வைத்தால் போதும். ஜம்ப் கொடுக்கும்போது பிளஸ் மைனஸ் மாறினால் ஃபியூஸோடு நிற்காது, டி.சி. கன்வெர்ட்டர் வரை போகும். ரிப்பேராகி நின்றால் முன்சக்கரம் உருளும்படி கயிறு கட்டி இழுக்காதீர்கள். சக்கரம் சுற்றினால் மோட்டார் கரன்ட் உண்டாக்கும். நாலு சக்கரமும் மேலே ஏறும் தட்டு லாரிதான் கூப்பிட வேண்டும். பெரிய பேட்டரிக்கு டொயோட்டாவும் மாருதியும் 8 வருஷம் அல்லது 1,60,000 கி.மீ. வாரன்டி கொடுக்கின்றன. வெயிலில் நிற்கும் வண்டியை நிழலுக்கு மாற்றுவது அந்த 8 வருஷத்துக்குப் பிறகான காலத்துக்கு உதவும்.

உங்கள் ஓட்டத்துக்கு ஹைபிரிட் தேவையா என்று பார்க்க, இப்போது வைத்திருக்கும் காரே போதும். டேங்கை நிரப்பி டிரிப் மீட்டரைப் பூஜ்யமாக்கி ஒரு மாதம் ஓட்டுங்கள். மீட்டரில் சராசரி மைலேஜைவிட சராசரி வேகத்தைப் பாருங்கள். 25-க்குக் கீழே என்றால் பிரேக்கிலும் நிற்பதிலும் நிறையப் போகிறது, ஹைபிரிட் பிடித்துக் கொடுக்கும். 50-க்கு மேலே என்றால் இரண்டரை லட்சத்தை வேறு எதற்காவது வைத்துக்கொள்ளலாம். நடுவில் இருந்தால் வருஷம் 15,000 கி.மீ. தாண்டுகிறதா என்று பாருங்கள். வாங்கலாம் என்று தோன்றினால் டெஸ்ட் டிரைவை ஷோரூமுக்குப் பின்னால் உள்ள காலி ரோட்டில் முடித்துக்கொள்ளாதீர்கள். காலை ஒன்பது மணிக்கு, நாலு பேரை ஏற்றி, ஏசி போட்டு, நீங்கள் தினமும் போகும் வழியிலேயே பத்து கிலோமீட்டர் ஓட்டி, இன்ஜின் அணைந்தபடி ஓடியது எத்தனை சதவீதம் என்று ஸ்கிரீனில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள்.